இரண்டு தொன் குளிர்

கன்னியா வெந்நீரூற்றுக்குச் சிறுவயதிற் போனவர் எவரும் ஏழு கிணறுகளிலும் அள்ளிக் குளித்ததோடு நின்றிருக்கமாட்டார். எந்தக் கிணற்றிற் சூடு மிகுதி, எதிற் குறைவு என்று கையை விட்டுப் பார்த்து ஒருவரோடொருவர் வாதிடுவதே அங்கு பெரிய விளையாட்டு. சில அடி இடைவெளியில் அமைந்த கிணறுகள்தாம். ஆயினும் ஒன்றின் சூடு மற்றொன்றில் இல்லை. என் கை கூறிய வரிசையை என் தமையன் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. பின்னாளிற் பேராதனையிற் பொறியியல் கற்று, கையால் அளந்ததைக் கணக்கால் அளப்பதையே தொழிலாகக் கொண்டேன். அக்கணக்கு ஒன்றில் நான் விட்ட பிழையையும் அதனால் முதியவர் ஒருவர் பட்ட துன்பத்தையும் இதுவரை எங்கும் எழுதியதில்லை. மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தமிழ்ச் சங்கத்து மாணவரிடம் அதையே எழுதித் தருவதாகச் சொன்னேன்.

2016 ஆம் ஆண்டு ஜனவரி மாதம். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய அலுவலகம் ஒன்றில் வழங்கிக் கணினிகளுக்கென ஓர் அறை ஒழுங்கு செய்தார்கள். பிரித்தானியர் காலத்துப் பழைய கட்டடம் அது. தடித்த சுவர், உயர்ந்த ஓட்டுக் கூரை, கடற்காற்றை வாங்கும் விறாந்தை. ஆனால் கணினிகளுக்குக் கிடைத்ததோ அப்பழங்கட்டடத்தின் பின்புறத்தில் அண்மைக்காலத்தில் ஒட்டிக் கட்டிய அறை. இருபது அடி நீளம், பதினைந்து அடி அகலம், தட்டையான கொங்கிறீற்றுக் கூரை, வெயிலை நேரே ஏற்கும் மேற்குச் சுவர். நான் அளவெடுக்கச் சென்ற நாளில் வடகீழ்ப் பருவமழை இன்னும் ஓயவில்லை. சுவர் ஈரமாய்க் குளிர்ந்திருந்தது. இது முக்கியமான செய்தி. பின்னர் இதற்கு வருவேன்.

அறையில் எத்தனை வெப்பம் பிறக்கும், அதை வெளியேற்ற எத்தனை குளிர் வேண்டும் என்பதே என்னிடம் கேட்ட கேள்வி. இதன் அடிப்படை மிக எளியது. கணினி, நீர் இறைக்கும் பம்பி போல வேலையை வெளியே கொண்டு போய் வைப்பதில்லை. அதற்குள் நுழையும் மின்சக்தி முழுவதும் இறுதியில் அவ்வறையிலேயே வெப்பமாகின்றது. ஆகவே 1 கிலோவாற்று மின்வலு நுழைந்தால் 1 கிலோவாற்று வெப்பம் வெளிப்படும்; கடைக்காரர் மொழியிற் சொன்னால் மணிக்கு 3,412 பீ.ரீ.யூ. கருவிகளின் பின்புறத் தகட்டில் எழுதியிருக்கும் வலுவைக் கூட்டிப் பார்ப்பது தவறு. அது கருவி எடுக்கக்கூடிய உச்சம். நான் மின்னோட்டமானியை இட்டு உண்மையான சுமையை அளந்தேன். 4.2 கிலோவாற்று வந்தது. இந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன்.

தவறு அடுத்த வரியிலே நேர்ந்தது. கணினிகளுக்கு முன்னால் 20 கிலோவாற்றுத் திறனுள்ள யூ.பி.எஸ். ஒன்று இருந்தது. வரும் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கி, மின்கலவடுக்கையும் ஊட்டி, மீண்டும் ஆடலோட்டமாக்கிக் கொடுப்பது அதன் தொழில். இவ்விரு மாற்றத்திலும் ஒரு பங்கு சக்தி வெப்பமாகக் கழியும். அதன் விளக்க ஏட்டில் வினைத்திறன் 95 சதவீதம் என்று அச்சிட்டிருந்தார்கள். 4.2 இல் 5 சதவீதம் 0.21. மொத்தம் 4.41 கிலோவாற்று, அதாவது மணிக்கு ஏறத்தாழ 15,000 பீ.ரீ.யூ. 24,000 பீ.ரீ.யூ. குளிரூட்டி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அறையின் தேவைக்கு அது ஒன்றரை மடங்குக்கும் மேல். தாராளம் என்றெண்ணி நிம்மதியாகக் கையொப்பமிட்டேன்.

24,000 பீ.ரீ.யூ. என்பது இரண்டு தொன். குளிரைத் தொன் கணக்கில் நிறுப்பது புதிதாய்க் கேட்பவர்க்கு விந்தையாயிருக்கும். எனக்கு அது வீட்டுச் சொல். என் தந்தையார் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்தவர். உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்கிய தகரப் பெட்டிகளிலிருந்து நெடிய கட்டிகளைக் கழற்றி, மரத்தூள் போர்த்து, விடியுமுன் வரும் மீன்காரருக்குக் கொடுப்பது அவர் பணி. 2,000 இறாத்தல் ஐஸ் ஒரு நாள் முழுவதும் உருகி எத்தனை வெப்பத்தை உறிஞ்சுமோ அதுவே குளிரூட்டியின் ஒரு தொன்; மணிக்கு 12,000 பீ.ரீ.யூ., அல்லது மூன்றரைக் கிலோவாற்று. இயந்திரம் வருமுன் குளிர் என்றால் ஐஸ்தான். அமெரிக்கக் குளங்களில் அறுத்த கட்டிகள் கப்பலேறிச் சென்னைக்கு வந்திறங்கின. அவற்றை வைக்க 1842 இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் மெரீனாக் கரையில் இன்றும் நிற்கின்றது. என் தந்தையார் இக்கணக்கு எதையும் அறியார். ஆனால் ஒரு வள்ளத்தின் பெட்டியைப் பார்த்து, "இந்த மரத்தூள் காணாது, கச்சானுக்கு அரைவாசி தண்ணியாய்ப் போகும்" என்று சொல்லிவிடுவார். ஐஸ் எவ்வளவு என்பதை விட, வெளியிலிருந்து எவ்வளவு சூடு உள்ளே வரும் என்பதே அவருடைய முதற்கேள்வி. அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

அவ்வலுவலகத்தின் காவலாளி அறுபது கடந்தவர். நான் அளவெடுத்து முடித்து மீற்றரைப் பையில் வைக்கும்போது பின்னால் வந்து நின்றார். "தம்பி, இந்தச் சுவரில பின்னேரத்தில கை வைக்கேலாது. கச்சான் துவங்கினாப் பிறகு ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார். வருகின்றேன் என்று சொன்னேன். வரவில்லை.

கச்சானைப் பற்றி மலைநாட்டிலும் மேல்மாகாணத்திலும் இருந்து கற்க வரும் மாணவர்க்கு ஒரு சொல். தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் தன் நீரையெல்லாம் பொழிந்துவிட்டுக் கிழக்கே இறங்குகையில், ஒவ்வொரு 100 மீற்றர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ ஒரு பாகை சூடேறுகின்றது. அல்ப்ஸ் மலைக்காரர் ஃபோன் என்று அழைக்கும் காற்றுக்கு இது உடன்பிறப்பு. ஜூன், ஜூலை மாதங்களில் அது திருகோணமலையில் வந்து விழும்போது உதடு வெடிக்கும், துணி அரை மணியிற் காயும், இரவிலும் ஓயாது. கடற்காற்றையும் அது பல நாள் உள்ளே வரவிடாது.

கடையில் வாங்கும் குளிரூட்டியின் பெயரளவுத் திறன் வெளியே 35 பாகை வெப்பநிலை உள்ளபோது சோதித்துப் பெற்றது. வெளியே அதற்கு மேற் போனால் திறன் குறையும். மேலும் அந்தத் திறனில் நாலில் ஒரு பங்களவு வளியிலுள்ள ஈரத்தைப் பிரித்து நீராக வடிப்பதற்குப் போய்விடும். கணினிகள் ஈரத்தை விடுவதில்லை. வெறும் உலர்வெப்பத்தையே விடுகின்றன. மூடிய அறையில் ஈரம் விரைவில் வற்றிப் போவதால் இக்குறை தணியும். ஆயினும் கடற்கரை அலுவலகத்திற் கதவு திறக்குந்தோறும் உப்புக் கலந்த ஈரவளி உள்ளே வரும். என் இரண்டு தொன்னில் மெய்யாய்க் கணினிக்குக் கிட்டியது ஒன்றரைத் தொன் அளவே.

ஆறு ஆண்டுகள் ஒருவாறு ஓடின. இரவில் அறை 24 பாகையில் இருந்தது. பகலில் 28, 29 என்று ஏறியது. அதை எவரும் என்னிடம் முறையிடவில்லை. குளிரூட்டி பழசாகிவிட்டது என்று தாமே சமாதானம் செய்துகொண்டார்கள்.

பின்பு 2022 வந்தது. அவ்வாண்டின் மின்வெட்டை இலங்கையில் வாழ்ந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின் இல்லை. அலுவலகத்தில் ஒரு சிறிய மின்பிறப்பாக்கி இருந்தது. அதனோடு யூ.பி.எஸ். இணைக்கப்பட்டிருந்தது, குளிரூட்டி இணைக்கப்படவில்லை. மின் நின்றதும் கணினிகள் தொடர்ந்து ஓடும், குளிர் மாத்திரம் நின்றுவிடும். மின்தடையிலிருந்து காப்பாற்றுவதற்கென வைத்த கருவியே, கணினிகளை ஓடவிட்டு, அடைத்த அறையை அடுப்பாக்கிக்கொண்டிருந்தது.

குளிர் நின்ற அறை எத்தனை விரைவிற் சூடேறும் என்பதை அப்போதே கணக்கிட்டிருக்க வேண்டும். ஒற்றைத் தாளிற் செய்யக்கூடிய கணக்கு அது. அறையிலுள்ள வளியின் நிறை 100 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. கணினியும் யூ.பி.எஸ்ஸும் வெளிவிடும் ஐந்தரைக் கிலோவாற்று வெப்பமும் அவ்வளியை மாத்திரம் சூடாக்குமெனக் கொண்டால், 18 வினாடிக்கு ஒரு பாகை ஏறும். மூன்று நிமிடத்திற் பத்துப் பாகை! நல்லவேளையாகச் சுவரும் தரையும் பெரும்பகுதியை வாங்கிக்கொள்கின்றன. பின்னர் நான் இருந்து அளந்தபோது முதற் கால்மணியில் ஆறு பாகை ஏறிற்று. அதன்பின் சுவர் சூடாகச் சூடாக மெல்ல ஏறியது. ஆனால் பின்னேரத்தில் மேற்குச் சுவரும் கூரையும் ஏற்கெனவே வெந்திருக்கும் வேளையில், வாங்கிக்கொள்ள அவற்றுக்கு இடமேது?

கணினிகளைவிட மின்கலவடுக்கே முதலிற் கெட்டது. அது அடைத்த ஈய-அமில வகை. 25 பாகையில் ஐந்தாண்டு உழைக்கும் கலம், தொடர்ந்து 35 பாகையில் இருந்தால் ஏறத்தாழப் பாதிக்காலமே உழைக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஒவ்வொரு நாளும் வெறுமையாகி மீண்டும் நிரம்பியது. நிரம்பும்போது தானும் வெப்பத்தை விட்டது. சூடு கூடினால் ஊட்டும் மின்னழுத்தத்தைக் குறைக்கவேண்டும். கலத்துக்குப் பாகைக்கு 3 மில்லிவோல்ற்று என்பது வழக்கம். அதற்கு மின்கலத்தின் அருகில் ஒரு வெப்ப உணரி வேண்டும். அவ்வறையில் அது பொருத்தப்படவேயில்லை. அது பொருத்தப்பட்டிருக்கிறதா என்று 2016 இல் நான் பார்க்கவுமில்லை. ஆகவே சூட்டிற் கலம் மேலும் மின்னை வாங்க, வாங்கிய மின் மேலும் சூடாக்க, ஒன்றையொன்று வளர்த்தன.

ஜூன் மாதத்தில் மின்வெட்டு சில மணித்தியாலங்களாகச் சுருங்கியிருந்தது. ஆனால் கச்சான் தொடங்கிவிட்டது. ஒரு நாள் மாலையில் மின் நின்று இரவில் வந்தது. ஒன்பது மணியளவில் காவலாளி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். என் இலக்கம் காவல் மேசையின் கண்ணாடிக்குக் கீழே ஆறு ஆண்டுகளாகக் கிடந்திருக்கின்றது.

"தம்பி, அறைக்குள்ள இருந்து அழுகின முட்டை மணம் வருது. கண்ணெல்லாம் எரியுது. எனக்கு உள்ளுக்குப் போக அனுமதியில்லை. ஆனாலும் கதவைத் திறந்து விட்டிட்டன். பிழையெண்டால் மன்னியுங்கோ."

அழுகிய முட்டை மணம் ஐதரசன் சல்பைட்டு. அளவு மீறி ஊட்டப்பட்ட ஈய-அமிலக் கலம் அதை விடும். கூடவே தீப்பற்றக்கூடிய ஐதரசனையும் விடும். வெளியே போங்கள், ஆளியெதையும் தொடவேண்டாம் என்று கத்தினேன். கட்டடத்துக்கு வெளியேயுள்ள பிரதான ஆளியை அலுவலர் ஒருவர் வந்து நிறுத்துவதற்கு அரைமணி நேரம் சென்றது. எரிபொருள் இல்லாத காலம். நான் துவிச்சக்கர வண்டியிலே போய்ச் சேர்ந்தேன். அறையின் வெப்பமானி 41 பாகை காட்டிக்கொண்டிருந்தது. கன்னியாவின் கிணறுகளில் நாங்கள் கைவிட்ட சூடு ஏறக்குறைய அதுதான். மின்கலங்கள் வீங்கி ஒன்றோடொன்று இறுகி நின்றன. காவலாளி வெளியே வேப்பமரத்தடியில் இருந்து இருமிக்கொண்டிருந்தார். அவ்விரவை அவர் வைத்தியசாலையிற் கழித்தார். அவர் உயிருக்கு ஒன்றும் நேரவில்லை. இருமல் இரண்டு கிழமை நின்றது.

தரவுகளை மீட்க மூன்று நாள் சென்றது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

வீட்டுக்கு வந்து 2016 இன் தாளைத் தேடியெடுத்தேன். யூ.பி.எஸ்ஸின் 95 சதவீதம் பொய்யன்று. அது நிறைசுமையை அண்டி ஓடும்போது கிடைப்பது. இக்கருவியின் இழப்பு இரு பகுதியாலானது. சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் விழித்திருப்பதற்கென அது உண்பது ஒன்று. சுமையோடு வளர்வது மற்றொன்று. இத்தொழிலில் வழங்கும் எளிய விதி, கருவியின் திறனில் 4 சதவீதத்தையும் சுமையில் 5 சதவீதத்தையும் கூட்டச் சொல்கின்றது. 20 கிலோவாற்றில் 4 சதவீதம் 800 உவாற்று, 4.2 கிலோவாற்றில் 5 சதவீதம் 210 உவாற்று. ஆக 1,010 உவாற்று. நான் எழுதியிருந்ததோ 210. "நாளைக்குத் தேவைப்படும்" என்று பெரிதாய் வாங்கிய கருவி ஐந்திலொரு பங்கு சுமையோடு சோம்பியிருந்ததால் அதன் வினைத்திறன் 80 சதவீதத்தை அண்டியே இருந்தது. மின்பங்கீட்டுப் பலகைக்கும் வடங்களுக்கும் திறனில் 1, சுமையில் 2 சதவீதம்: 284 உவாற்று. விளக்குக்குச் சதுர அடிக்கு 2 உவாற்று வீதம் 600. உள்ளே நிற்கும் ஆளுக்கு 100 உவாற்று வீதம் இருவர்க்கு 200. இவ்வளவும் சேர்ந்தால் 6.3 கிலோவாற்று. வெயிலேறிய கொங்கிறீற்றுக் கூரை இறக்கும் சூடு, தாராளமின்றிப் போட்டாலும், 1.7 கிலோவாற்று வரும். எட்டுக் கிலோவாற்று, மணிக்கு 27,000 பீ.ரீ.யூவுக்கும் மேல். நான் எழுதிக் கையொப்பமிட்ட 15,000 அதற்குப் பக்கத்திலும் நிற்கவில்லை.

உள்ளே செல்ல அனுமதியுள்ள இருவரின் உடற்சூட்டைக் கூடக் கணக்கெடுக்கும் விதியில், கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு இருப்பவருக்கு இடமில்லை. அத்தாளைப் பார்த்தபோது முதலில் எனக்கு உறைத்தது இதுவே.

சில கிழமைகளின் பின், ஜூலை 19 அன்று, இங்கிலாந்தில் வெப்பநிலை முதன்முறையாக 40 பாகையைத் தாண்டியது. இலண்டனில் கூகிள், ஒராக்கிள் ஆகிய நிறுவனங்களின் தரவு நிலையங்களிற் குளிரூட்டல் தவறியது. கைஸ், சென்ற் தோமஸ் மருத்துவமனைகளின் கணினி அறைகளும் வீழ்ந்தன. அங்குள்ள வைத்தியர்கள் வாரக்கணக்கிற் தாளிலும் பேனாவிலும் வேலை பார்த்தார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு ஆறுதல் தோன்றவில்லை. அவர்களுக்கு 40 பாகை புதிது. எனக்கு அது சொந்த ஊரின் காற்று. காவலாளி ஒருவர் முன்கூட்டியே சொல்லியும் இருந்தார்.

அறையைத் திருத்தும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன், கூலியின்றி. முதலில் மனத்தில் எழுந்தது, இன்னும் இரண்டு குளிரூட்டிகளைப் பொருத்திப் பெரிய மின்பிறப்பாக்கி ஒன்றை வைப்பது. ஆனால் அது 2022 ஜூன் மாதத்து இறுதி. அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று அரசு 27 ஆம் திகதி அறிவித்திருந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையிற் கிடந்தன. அலுவலகத்துக்கு ஒதுக்கிய டீசல் கொள்கலனை ஏற்றிய வண்டி, வரிசையில் நின்ற மீன்காரரைக் கடந்து போவதை நான் பார்த்தேன். அந்த டீசலால் ஓடும் கணினிகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பதில் நான்கு எவருக்கும் எதையும் செய்யவில்லை. பழைய மென்பொருள், மாறிப்போன அதிகாரியின் திட்டம், நிறுத்தினால் என்ன ஆகுமோ என்ற அச்சம். இவற்றுக்காகவே ஆண்டுக்கணக்கில் சூட்டை விட்டுக்கொண்டிருந்தன.

அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினோம். சுமை 4.2 இலிருந்து 2.6 கிலோவாற்றுக்கு இறங்கியது. பெரிய யூ.பி.எஸ்ஸை அகற்றி 6 கிலோவாற்றுக் கருவியொன்றை வைத்தோம். அதன் இழப்பு 1,010 இலிருந்து 370 உவாற்றாகியது. பங்கீட்டு இழப்பையும் சேர்த்து அறையிற் பிறக்கும் வெப்பம் ஐந்தரையிலிருந்து மூன்று கிலோவாற்றுக்கு வந்தது. மின்கலங்களை வெப்ப உணரியோடு தனியாக ஒரு சிற்றறையில், வெளிவளி போய்வர வழிசெய்து வைத்தோம். கூரைக்கு மேலே ஓரடி இடைவெளி விட்டு வெண்ணிறத் தகரம் வேயப்பட்டது. கிடுகு இன்னும் குளிர்ச்சி தரும் என்று காவலாளி வாதாடினார். அவர் சொன்னது உண்மை. தீக்கு அஞ்சி நான் இணங்கவில்லை. மேற்குச் சுவருக்கு ஒரு சாய்ப்பு இறக்கினோம். அது அவருடைய யோசனை, அவருடைய நாற்காலிக்கும் நிழலாயிற்று. பழைய இரண்டு தொன் குளிரூட்டி இப்போது மெய்யாகவே தாராளம். அதற்குத் துணையாக 18,000 பீ.ரீ.யூ. ஒன்றை வாங்கி அதை மின்பிறப்பாக்கியோடு இணைத்தோம். டீசற் செலவு கூடவில்லை. கணினிகள் விட்டுக்கொடுத்த வலுவிலேயே அது ஓடுகின்றது.

இப்போது எந்த அறைக்கு அளவெடுக்கப் போனாலும் ஜனவரியில் ஒரு முறையும் ஜூலையில் ஒரு முறையும் போகின்றேன். பின்னேரம் நான்கு மணிக்கு மேற்குச் சுவரிற் கையை வைத்துப் பார்க்கின்றேன். இதைக் கண்டு இளம் பொறியியலாளர் சிலர் சிரிப்பதுண்டு.

காவலாளி 2023 இல் வேலையை விட்டு நின்றார். சென்ற ஆண்டு கச்சான் காலத்தில் அவரை நிலாவெளி வீதியிற் கண்டேன். சுகம் விசாரித்தபின் அவர் கேட்ட முதற்கேள்வி, "அறை இப்ப எப்பிடி, தம்பி?" என்பது. பிற்பகல் மூன்று மணிக்கு 25 பாகை என்றேன். "சுவர்?" என்றார். சுவரிலும் கை வைக்கலாம் என்றேன். "கிடுகு போட்டிருந்தால் இன்னும் இரண்டு பாகை குறைஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, துவிச்சக்கர வண்டியில் ஏறிப் போனார்.